எடைக் குறைப்பும் தசை வலிமையும்

மைசூரு நகரில், கன்னடத்தில் 'கரடி மனை' எனப்படும் மற்போர்க் கூடங்களில் தண்டாலும் பஸ்கியும் தலைமுறைகளாகப் பயிலப்படுகின்றன. தசரா மற்போருக்கு மல்லர்களை உருவாக்கிய இப்பயிற்சிகள், எடை குறைக்க விழைவோர்க்கும் பயன்படும்.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 24 சதவீதத்தினர் மிகை எடையினர். உணவை மட்டும் குறைத்தால் கொழுப்புடன் தசையும் கரைகிறது. எடைக் கருவி இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தசை குறையின், ஓய்வு நிலையில் உடல் செலவிடும் சக்தியும் குறைகிறது.

வலிமைப் பயிற்சி தனித்து எடையைப் பெரிதும் குறைப்பதில்லை. உணவுக் கட்டுப்பாட்டோடு இணையும்போது தசையைக் காக்கிறது. வாரத்தில் இரு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சி தேவையென 2020இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை; கரடி மனையை அறியாத பெண்களும் இல்லத்திலேயே பஸ்கியைப் படிப்படியாகப் பயிலலாம்.