செருப்பின் அடியில் ஒரு வேதியியல்

எங்கள் ஊர் கணியம்பாடி. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோலும் காலணியும்தான். என் தாயாரும் ஒரு காலணித் தொழிற்சாலையில் சோல் வார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே.

ஒருநாள் இரவு அவர் கேட்டார்: "ஏம்பா, வீணாப் போன சோலை அரைச்சு மறுபடி மிஷின்ல போட்டா உருகிப் புதுசா வருது. டயரைக் காய்ச்சினா கருகிப் போவுது. ரெண்டும் ரப்பர்தானே?" நான் பெருமையாக, "அது தெர்மோபிளாஸ்டிக் அம்மா" என்றேன். "சரிப்பா" என்று எழுந்து போய்விட்டார். அந்தச் 'சரிப்பா' என்னைச் சுட்டது. நான் சொன்னது பெயர், விடை அன்று.

தோழர்களே, டயரில் நீண்ட ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தகம் முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. 1839-இல் குட்இயர் கண்ட வழி இது. அம்முடிச்சு வெப்பத்தால் அவிழ்வதில்லை; மேலும் காய்ச்சினால் பொருளே சிதையும்.

டி.பி.ஆர். சோலில் கந்தக முடிச்சு இல்லை. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று துண்டுகளாலான ஒரே சங்கிலி: நடுவில் பாலிபியூட்டாடையீன் என்னும் ரப்பர், இரு முனைகளிலும் பாலிஸ்டைரின் என்னும் கடினப் பிளாஸ்டிக். இத்தகையவற்றைத் தொகுதிப் பலபடிகள் என்பர். 1956-இல் சுவார்க் கண்ட 'உயிருள்ள பலபடியாக்கல்' முறை இவற்றை ஒழுங்காகச் செய்ய வழிவிட்டது. 1965-இல் ஷெல் நிறுவனம் 'கிராட்டன்' என்ற பெயரில் இவ்வகை ரப்பரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இவ்விரு வகைத் துண்டுகளுக்கும் எண்ணெயும் நீரும் போல ஒத்துப்போகாது. ஆனால் பிரிந்து ஓடவும் இயலாது. வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒரே கயிற்றில் பிணைத்த கதை. எனவே பக்கத்துச் சங்கிலிகளின் ஸ்டைரின் முனைகள் தமக்குள் கூடி, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கே அளவுள்ள கடின முண்டுகளாகின்றன. யாரும் அடுக்குவதில்லை, தாமே அடுங்குகின்றன.

அவ்வடுக்கை நாம் ஆளலாம் என்பதே எனக்கு வியப்பு. ஸ்டைரின் குறைவாக இருந்தால் கடுகு போன்ற உருண்டைகள். நூற்றுக்கு முப்பது அளவில் ஈர்க்குச்சி போன்ற தண்டுகள். இரண்டும் சரிபாதியானால் புத்தகத் தாள் போன்ற அடுக்குகள். ஸ்டைரின் இன்னும் மிகுந்தால் ரப்பர் உள்ளே அகப்பட்டுப் பொருள் விறைத்துவிடும். சங்கிலியின் நீளமும் முக்கியம். 1980-இல் லைப்லர் என்பவர், சரிபாதியான இருதுண்டுப் பலபடிக்கு ஒரு கணக்குத் தந்தார்: இரு வகை அலகுகளின் பகையளவைச் சங்கிலியின் மொத்த அலகுகளால் பெருக்கினால் ஏறத்தாழ 10.5-ஐத் தாண்ட வேண்டும்; இல்லையேல் கலந்தே கிடக்கும். வெப்பம் ஏறினால் பொதுவாகப் பகை தணியும்.

மறுவாரம் அம்மாவிடம் மீண்டும் சொன்னேன்: "நூல் முனைகளை வெல்லப்பாகில் ஒட்ட வைத்த மாதிரி அம்மா. ஆறினால் இறுகும், 100 பாகை செல்சியஸ் பக்கம் போனால் இளகும், அச்சில் ஊற்றி ஆறவிட்டால் மறுபடி இறுகும்."

"அப்போ டயர்ல இருக்கிறது முடிச்சு, சோல்ல இருக்கிறது பாகு" என்றார். பிறகு சற்று யோசித்து, "அதான் பெட்ரோல் பட்டா இந்தச் சோல் ஊறி இளகிப் போவுதா?" என்றார். ஆம், அப்பாகை அதுவும் இளக்கும். அதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.