சங்கச் சின்னம்: படிந்து நிற்கும் வெளிக்கோடுகளைத் திருத்தும் முறை

நாம் பார்வையிடச் சென்ற ஒரு சங்கத்தில், விற்பனை நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கென ஒட்டுத்தாளில் சின்னம் ஒன்றை வெட்டுவித்திருந்தனர். நாடாவின் குறுக்கே நெற்கதிர் செல்வது அச்சின்னம். கணிப்பொறித் திரையில் அது குறையின்றி விளங்கிற்று. தாளை உரித்தபோதோ, காம்பும் நாடாவும் சந்திக்கும் இடம் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. தாளும் கூலியும் வீணாயின. அவ்விழப்பு அங்கத்தினர் அனைவருடையதுமாகும்.

பிழை பொறியினுடையதன்று; வரைபடத்தினுடையது. இரண்டு உருவங்கள் ஒரே நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், நம் கண்ணுக்கு அவை ஒன்றாகவே தோன்றும். வெட்டும் பொறி நிறத்தை அறியாது. ஒவ்வோர் உருவத்தின் வெளிக்கோட்டையும், மறைந்துள்ள பகுதி உட்பட, முழுமையாக வெட்டிச் செல்லும்.

இதனைத் திருத்த, 2003 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் போதுமானது. இது விலையின்றிக் கிடைக்கிறது. செய்முறை வருமாறு:

1. சோதித்தல்: 'வியூ' பட்டியலில் 'டிஸ்ப்ளே மோட்' என்பதன்கீழ் 'அவுட்லைன்' என்பதைத் தேர்க. நிறங்கள் நீங்கிக் கோடுகள் மட்டும் தெரியும். ஒன்றையொன்று வெட்டும் கோடுகளை இங்கே கண்டுகொள்ளலாம்.

2. கோட்டை உருவமாக்குதல்: காம்பைத் தடித்த கோடாக மட்டும் இழுத்திருந்தால், பொறி அதன் நடுவில் ஒரே கீறலாக வெட்டும். 'பாத்' பட்டியலிலுள்ள 'ஸ்ட்ரோக் டு பாத்' அக்கோட்டை இரு கரைகளுள்ள உருவமாக்கும்.

3. கழித்தல்: நாடாவில் தார் அமரும் குழியை அமைக்க, குழியின் உருவத்தை நாடாவின்மேல் வைத்து, இரண்டையும் தேர்ந்து, 'டிஃபரன்ஸ்' என்பதை அழுத்துக. கீழுள்ளதிலிருந்து மேலுள்ளது கழியும். குழி அடியில் இருந்தால், 'ஹோம்' விசையால் அதனை முதலில் மேலே கொணர்க.

4. கூட்டல்: பின்னர் நாடாவையும் கதிரையும் தேர்ந்து 'யூனியன்' என்பதை அழுத்துக. உட்கோடுகள் மறைந்து, இரண்டும் ஒரே உருவமாகும். அடியிலிருந்த உருவத்தின் நிறமே எஞ்சும்.

இவ்வரிசையை மாற்றலாகாது. முதலில் கூட்டிப் பின்னர் கழித்தால், குழியைக் கடந்து செல்லும் காம்பும் அவ்விடத்தில் அறுபட்டுப் போகும். முதலில் கழித்துப் பின்னர் கூட்டினால், காம்பு குழியின்மேல் பாலம்போல் நிலைத்து நிற்கும்.

இன்னுமொன்று கூற வேண்டும். கூட்டிய உருவத்தைச் சேமித்து மூடிய பின், பழைய தனித்தனி உருவங்கள் மீளா. ஆதலால், வேலை தொடங்குமுன் மூலப்படத்தை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். நாளை காம்பை மட்டும் மாற்ற விரும்பினால் அப்பிரதியே உதவும். பேரேடு எழுதியபின்னும் குறிப்பேட்டை நாம் கிழித்தெறிவதில்லை அன்றோ?

திருத்தியபின் மீண்டும் 'அவுட்லைன்' தோற்றத்தில் பார்த்து, உள்ளே ஒரு கோடும் குறுக்கிடவில்லை என உறுதி செய்த பின்னரே வெட்டக் கொடுங்கள். மூலப்படமும் திருத்திய படமும் சங்க அலுவலகத்திலேயே இருக்கட்டும். சங்கத்தின் சின்னம் சங்கத்தின் சொத்து. அதனைத் திருத்தும் அறிவும் சங்கத்தில் ஓர் அங்கத்தினரிடமேனும் இருத்தல் நலம்.