அழையா விருந்தினர்

நுழையும்முன்

ஓர் உயிரை நன்மை செய்வது என்றும் மற்றோர் உயிரைத் தீமை செய்வது என்றும் பிரித்துப் பார்ப்பது மனித இயல்பு. மலருக்குத் துணையாகவும் தேனீக்குக் கூற்றாகவும் ஒரே உயிர் விளங்குமாயின், அதனை எந்தப் பக்கம் சேர்ப்பது? தேனீயைப் போலத் தோன்றும் சிறிய ஈ ஒன்றின் வாழ்க்கை இவ்வினாவை எழுப்புகிறது. அவ்வாழ்க்கையின் மறைபொருளை அறிய ஆசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுகள் காத்திருந்தார்.

தோற்றத்தில் தேனீ

இங்கிலாந்தில் குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் மார்ச் மாதத்தில், பிரிம்ரோஸ் மலர்களின் அருகே சிறிய பூச்சி ஒன்று அந்தரத்தில் அசையாமல் நிற்பதைக் காணலாம். பழுப்பு நிற மென்மயிர் போர்த்த உருண்ட உடல், ரீங்காரம், மலரை நாடும் வேட்கை ஆகிய அனைத்தும் அதனைத் தேனீ என்றே எண்ணச் செய்யும். கூர்ந்து நோக்கினால் உண்மை புலப்படும். தேனீக்கு இறகுகள் நான்கு, இதற்கோ இரண்டு. தேனீக்குக் கொடுக்கு உண்டு, இதற்கு இல்லை. தலையின் முன்னே ஊசிபோல் நீண்டிருப்பது தேனை உறிஞ்சும் குழலே. அது எவரையும் குத்துவதில்லை.

இப்பூச்சி ஈ இனத்தைச் சார்ந்தது. தேனீயை ஒத்த தோற்றத்தால் இதனைத் ‘தேனீ ஈ’ எனலாம். இதன் அறிவியற்பெயர் பாம்பிலியஸ் மேஜர். இது இடம்பெறும் பாம்பிலிடே என்னும் குடும்பத்தில் ஏறத்தாழ 5000 சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அண்டார்க்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் அவை வாழ்கின்றன. வளர்ந்த ஈக்கள் தேனையும் மகரந்தத்தையும் உண்டு, மலருக்கு மலர் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. இவ்வளவில் இதன் கதை முடியுமாயின், இதனை மலர்களின் தோழன் என்று கூறி அமைந்துவிடலாம். ஆனால், கதையின் மறுபாதி மண்ணுக்குள் நிகழ்கிறது.

எறியப்படும் முட்டைகள்

தேனீக்கள் அனைத்தும் கூட்டமாக வாழ்பவை அல்ல. தனித்து வாழும் தேனீக்களும் பல உண்டு. ஆண்ட்ரீனா என்னும் வகைத் தேனீ அவற்றுள் ஒன்று. பெண் தேனீ ஒன்று தனியே மண்ணில் வளை தோண்டும். அதனுள் சிற்றறைகள் அமைக்கும். ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தையும் தேனையும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு அறையை மூடும். பிறக்கப்போகும் தன் குஞ்சைத் தாய் காண்பதில்லை. எனினும், அதற்கு வேண்டிய உணவு முழுவதையும் முன்னரே சேர்த்து வைத்துவிடுகிறது.

அந்த வளையின் வாயிலைத் தேடியே தேனீ ஈ வருகிறது. முதலில் அது தன் வயிற்றின் நுனியை உலர்ந்த மண்ணில் தோய்க்கும். அந்நுனியில் உள்ள சிறு பையில் மணல் சேரும்; முட்டைகள் அம்மணலில் புரண்டு வெளிவரும். மணற்பூச்சு முட்டைக்கு எடையைத் தருவதோடு, அது உலராமலும் காக்கும் என ஆய்வாளர் கருதுகின்றனர். பின்னர், ஈ வளையின் மேலே அந்தரத்தில் நின்றபடி, வயிற்றைச் சுண்டி முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே எறியும். வளைக்குள் அது நுழைவதில்லை; தேனீயோடு போரிடுவதும் இல்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு மிகச் சிறியது; ஆயினும் விரைந்து நகர வல்லது. தேனீயின் அறையைத் தேடி அடைவதே அதன் முதல் வேலை. வழி தவறியவை உணவின்றி மடியும். அறையை அடைந்த புழுவோ தேனீயின் இளம்புழு முழு வளர்ச்சி பெறும்வரை உடனிருக்கும். அதன்பின் தோலுரித்து, நடமாட்டம் குறைந்த பருத்த புழுவாக உருமாறும். தேடுவதற்கு ஓர் உடல், உண்பதற்கு மற்றோர் உடல் எனப் புழுப்பருவத்திலேயே அது இருவேறு வடிவங்களைக் கொள்கிறது.

ஆசிரியர் ஒருவரின் காத்திருப்பு

இம்மறைவான வாழ்வை நேரில் கண்டு எழுதியவர்களுள் தலையாயவர் பிரான்சு நாட்டின் ழான் ஆன்ரி ஃபாபர் (1823 – 1915). எளிய உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்குவதைவிட, அவை வாழும் இடத்திலேயே அவற்றைக் காண்பதையே விரும்பியவர்.

1855இல் கார்பெந்த்ரா நகரை அடுத்த மண்சரிவுகளில் வேறொரு பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆந்த்ராக்ஸ் என்னும் தேனீ ஈயின் கூட்டுப்புழுவை அவர் கண்டார். அதன் தலையில் இருந்த கூர்முட்களும் முதுகில் இருந்த கொக்கிகளும் அவரை வியப்பில் ஆழ்த்தின. அசைவற்றுக் கிடக்கும் பருவத்தில் இத்தனை கருவிகள் எதற்கு? வாழ்க்கைத் தேவைகள் அவ்வாய்வைத் தொடரவிடவில்லை. ஆயினும், அவ்வினா அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

1879இல் செரிஞ்ஞான் என்னும் சிற்றூரில் கல்லும் முள்ளும் நிறைந்த நிலத்தோடு கூடிய வீடு ஒன்றை அவர் வாங்கினார். அதற்கு ‘ஆர்மா’ என்று பெயர். தரிசு நிலம் என்பது அவ்வட்டாரச் சொல்லின் பொருள். உழவுக்கு உதவாத அந்நிலமே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் தோன்றிய வினாவை அங்கிருந்தே அவர் மீண்டும் கையில் எடுத்தார். கண்டறிந்த செய்திகளை 1886இல் வெளிவந்த ‘பூச்சியியல் நினைவுகள்’ மூன்றாம் தொகுதியில் எழுதினார்.

காயமின்றி உண்ணல்

ஃபாபர் ஆராய்ந்தது கொத்தனார்த் தேனீயின் கூடு. இத்தேனீ மண்ணையும் சிறு கற்களையும் தன் உமிழ்நீரால் குழைத்து, கூழாங்கல்லின்மேல் காரைபோல் கடினமான அறைகளைக் கட்டும். ஜூலை மாதத்தில் அக்கூடுகளைக் கல்லிலிருந்து பெயர்த்துப் பார்த்தபோது, சில அறைகளில் இரண்டு புழுக்கள் ஒன்றாக இருந்தன. ஒன்று வாடிச் சுருங்கிக்கொண்டிருந்தது; மற்றொன்று கொழுத்துக்கொண்டிருந்தது. வாடியது தேனீயின் புழு. கொழுத்தது ஆந்த்ராக்ஸின் புழு.

ஆந்த்ராக்ஸ் புழுவுக்குக் காலில்லை; கண்ணில்லை; இரையைக் கடித்துக் கிழிக்கும் தாடையும் தென்படவில்லை. அது தன் வாயைத் தேனீப் புழுவின் தோலில் ஒட்டவைத்து உறிஞ்சியது. தொந்தரவு செய்தால் வாயை எடுத்துவிட்டு, வேறோர் இடத்தில் மீண்டும் ஒட்டிக்கொண்டது. வாய் பட்ட இடத்தில் காயம் எதுவும் தெரியவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தேனீப் புழுவின் உடல் முழுவதும் வற்றி, குண்டூசித் தலையளவு வெண்ணிறத் தோல்சுருள் மட்டுமே எஞ்சியது. அதுவரை அந்த இரை அழுகவும் இல்லை.

உண்மையிலேயே காயம் இல்லையா? அதை அறிய ஃபாபர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். எஞ்சிய தோலை நீரில் ஊறவைத்து மென்மையாக்கினார். நுண்ணிய கண்ணாடிக்குழலால் அதனுள் காற்றை ஊதினார். தோல் உப்பிப் பழைய புழுவின் வடிவத்தை மீண்டும் பெற்றது. நீருக்குள் அதனை அமிழ்த்தியபோது ஒரு குமிழிகூட வெளிவரவில்லை. காற்றும் கசியாத அளவுக்கு அத்தோல் முழுமையாக இருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே, ஐயத்திற்கு இடமின்றி ஓர் உண்மையை நிறுவிய சோதனை இது.

இவ்வாறு உண்பதன் பயன் யாது? இரை இறந்தால் அழுகும். அழுகினால் உண்ணும் புழுவும் மடியும். எனவே, இறுதிவரை இரை உயிரோடிருப்பது ஆந்த்ராக்ஸுக்கு இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

பிறிதோர் உயிரைச் சார்ந்து, அதன் உடலிலிருந்து உணவைப் பெறும் உயிர் ஒட்டுண்ணி ஆகும். உணவளிக்கும் உயிர் ஓம்புயிரி ஆகும். பேன் போன்ற ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் ஓம்புயிரியைக் கொல்வதில்லை. தேனீ ஈயின் புழுவோ தன் வளர்ச்சி நிறைவுறும்போது ஓம்புயிரியின் உயிரையும் முடித்துவிடுகிறது. ஆதலால், இத்தகையவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிகள் எனத் தனியே வகைப்படுத்துவர். ‘ஓம்புதல்’ என்பதற்குப் பேணுதல், காத்தல் என்பன பொருள். விருந்தோம்பலில் ஓம்புபவரின் விருப்பம் உண்டு. ஓம்புயிரிக்கோ அவ்வாய்ப்பு இல்லை.

சுவரைத் துளைக்கும் கூட்டுப்புழு

உண்டு முடித்த புழுவுக்கு அடுத்ததொரு சிக்கல் காத்திருக்கிறது. மயிரிழை போன்று மெலிந்திருந்த முதற்பருவத்தில், அது நுண்ணிய பிளவுகளின் வழியே உள்ளே வந்துவிட்டது. ஈயாக வளர்ந்தபின் அவ்வழியே வெளியேற இயலாது. ஈயின் உடலோ மிக மென்மையானது. காரைச்சுவரை உடைக்கும் உறுப்பு எதுவும் அதற்கு இல்லை.

முப்பது ஆண்டுகளாக ஃபாபரைத் தொடர்ந்த வினாவிற்கு இங்கேதான் விடை கிடைத்தது. பெரும்பாலான பூச்சிகளின் வாழ்வில் கூட்டுப்புழுப் பருவம் ஓய்வுக்குரியது. ஆந்த்ராக்ஸில் அதுவே உழைப்புக்குரியது. தலையிலுள்ள ஆறு கூர்முட்களால் சுவரை இடித்தும், முதுகின் கொக்கிகளால் உடலைப் பற்றி நிறுத்தியும் அது வழி உண்டாக்குகிறது. துளையின் வாயில் பாதி உடல் வெளியே வந்ததும் தோல் பிளக்கும். ஈ பறந்து செல்லும். உழைத்த உடலின் வெற்றுறை மட்டும் அத்துளையில் செருகியபடி நிற்கும்.

பகையா? துணையா?

தாய்த்தேனீ பாடுபட்டுச் சேர்த்த செல்வம் அதன் குஞ்சுக்குப் பயன்படாமல் போவதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது. அவ்வருத்தம் அறிஞர்களுக்கும் இருந்தது. 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய மடலில் சார்லஸ் டார்வின், உயிருள்ள கம்பளிப்புழுவை உள்ளிருந்து உண்ணும் குளவிகளைக் குறிப்பிட்டார். இரக்கமுள்ள படைப்பாளி ஒருவர் அவற்றைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்றும் எழுதினார்.

ஆயினும், இக்குடும்பத்தின் பிற இனங்களையும் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வெட்டுக்கிளிக் கூட்டங்கள் பயிர்களை அழித்தன. அவற்றை ஆராய 1877இல் அமைக்கப்பட்ட குழுவில் சார்லஸ் வாலண்டைன் ரைலி இடம்பெற்றிருந்தார். மண்ணில் புதைந்திருந்த வெட்டுக்கிளி முட்டைகளைச் சில புழுக்கள் உண்பதையும், அவை தேனீ ஈக்களாக வளர்வதையும் அவர் கண்டறிந்தார். ஆப்பிரிக்காவில் உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயின் கூட்டுப்புழுவை அழிக்கும் தேனீ ஈக்களும் உள்ளன. கம்பளிப்புழுவில் வாழும் ஒட்டுண்ணியையே தனக்கு இரையாக்கும் ஹெமிபென்தஸ் என்னும் வகையும் உண்டு.

தேனீயை உண்ணும்போது பகை என்றும் வெட்டுக்கிளியை உண்ணும்போது துணை என்றும் கூறுகிறோம். ஈயின் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. மாறுவது மனிதரின் தேவை. ஈ அறிந்தது பசியையும் பருவத்தையும் மட்டுமே.

ஒன்றில் இரண்டு

ஓம்புயிரி இல்லையேல் ஒட்டுண்ணி இல்லை. தேனீ ஈ ஆண்டுதோறும் ஓரிடத்தில் காணப்படுகிறது எனில், அதன் வளர்ச்சிக்குப் போதுமான தேனீக்கள் அங்கே கூடு கட்டுகின்றன என்பது பொருள். வெறும் மண்தரை அனைத்தையும் கற்காரையால் மூடினால் ஆண்ட்ரீனா தேனீ வளை தோண்ட இடம் இராது. தேனீ மறையும், அதனைச் சார்ந்த ஈயும் மறையும், இரண்டும் நாடிய மலர்களில் மகரந்தச் சேர்க்கையும் குன்றும். தேனீயைக் காப்பதாக எண்ணி ஈயை அழிக்க முற்படுவோரின் நஞ்சு, தேனீயையும் விட்டுவைப்பதில்லை.

பயனற்றது என்று பிறர் ஒதுக்கிய தரிசில்தான் ஃபாபர் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைக் கழித்தார். கொடியது என்று ஒதுக்கத்தக்க ஒரு புழுவின்முன் அவர் பொறுமையோடு அமர்ந்தார். தீர்ப்புக் கூறுவதற்கு முன் முழுமையாகக் காண்பதே அறிவியலின் அறம்.

கற்பவை கற்றபின்...

1. பள்ளி வளாகத்தில் மலர்களை நாடிவரும் பூச்சிகளை ஒரு மணிநேரம் உற்றுநோக்குக. இறகுகளின் எண்ணிக்கை, பறக்கும் முறை, மலரில் அமரும் முறை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஈக்களையும் தேனீக்களையும் வேறுபடுத்துக.

2. ‘ஓம்பு’ என்னும் சொல்லடியாகப் பிறந்த சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைத்து எழுதுக.

3. ‘இயற்கையில் பகை என்பது மனிதர் இட்ட பெயரே’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.