தளர்ந்த நடை

கேள்வி: 'தி சிம்ஸ் 4' விளையாட்டில் நேற்றுவரை நிமிர்ந்து நடந்த என் கதாநாயகி, இன்று தோள் தொங்கக் காலை இழுத்துக்கொண்டு போகிறாளே, ஏதாவது கோளாறா? – ஒரு வாசகி

பதில்: கோளாறு இல்லை, சகோதரி, அவளுக்குத் துக்கம், அவ்வளவே. 2000ஆம் ஆண்டின் முதல் சிம்ஸில், நாற்காலியில் அமரும் விதத்தையும் அடுப்பில் சமைக்கும் விதத்தையும் அந்தந்தப் பொருளுக்குள்ளேயே பொதிந்துவைத்து, அருகில் வரும் பாத்திரத்துக்கு உரிய அசைவைப் பொருளே வழங்கும்படி செய்த சிருஷ்டிகர்த்தாக்கள், 2014இல் வெளிவந்த இந்த நான்காம் பாகத்தில் மனோபாவத்தையும் நடையோடு பிணைத்துவிட்டார்கள். முகபாவத்தோடு நின்றுவிடாமல் நடையிலும் உள்ளத்தைக் காட்டியதே இவ்விளையாட்டின் உயர்ந்த கலையம்சம் என்பது என் அபிப்பிராயம். திரையின் இடது கீழ்மூலையில் துக்கத்தின் காரணத்தைப் பார்த்தறிந்து, அவளைக் கட்டிலில் படுத்து அழுதுதீர்க்க விடுங்கள்; துக்கம் நீங்கியதும் நடையும் தானே நிமிர்ந்துவிடும்.