சம்பள நாளுக்கு முன்பே தொடங்குங்கள்

சித்தப்பா மாரியம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் குடியை விட்டார். மூன்றாம் நாள் காலை அவர் கையில் பிளேன்டி கோப்பை நிற்கவில்லை, பாதி தேநீர் சாரத்தில் கொட்டியது. அன்றிரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், செத்துப்போன பாட்டியைக் கூப்பிட்டார். பேய் என்று நினைத்துப் பூசாரியைத் தேடியதில் எங்களுக்கு அரை நாள் போனது. வைத்தியசாலையில்தான் தெரிந்தது, அது குடியை நிறுத்தியதால் வந்த நோய், உயிரையே கொண்டுபோகக்கூடியது என்று. தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த இதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் கை நடுங்குகிறதா? ஒரு மடக்கு உள்ளே போனால்தான் பால் வெட்டவோ மலையேறவோ முடிகிறதா? முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? ஆம் என்றால் வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்ததிலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் பெரும்பாலும் அதற்குப் பிறகு வரும். கேகாலை, கரவனெல்ல, இரத்தினபுரி, பலாங்கொடை அரசாங்க வைத்தியசாலைகளில் காசில்லாமல் பார்ப்பார்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், பி1 விட்டமினும் கொடுப்பார்கள். வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். கையில் இரும்பைத் திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: குடிப்பது கசிப்பா சாராயமா, ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு. சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாவின் குடிக்கணக்கைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது பிள்ளைக்கும் பாரம், அப்பாவுக்கும் அவமானம். அவமானப்பட்டவர் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி எண் 1926 இருக்கிறது. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்த் தூள், ஐஸ் பழகித் திரும்பும் பையன்களுக்கு அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927. அந்தச் சபைக்கு நிட்டம்புவையிலும் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் உண்டு, கேகாலைக்காரருக்கு அது பக்கம். கொழும்பிலேயே வேலை பார்ப்பவர் சுமித்ரயோவின் மெல் மெதுர ஆலோசனை நிலையத்துக்குப் போய்ப் பேசலாம். வீட்டில் அடி விழுகிறதென்றால் அவர் குடியை விடட்டும் என்று காத்திருக்காதீர்கள் அக்கா, பெண்களுக்கான உதவி எண் 1938க்கு எடுங்கள்.

உடம்பு தெளிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. சம்பள நாளையும் தீபாவளி முற்பணம் கிடைக்கும் நாளையும் கலண்டரில் குறியுங்கள். காசைப் பிடுங்காதீர்கள், யார் கையில் கொடுக்கலாம் என்று அவரையே சொல்லவிடுங்கள். கடைக்கடனை அன்றே அடைத்துவிடுங்கள். கசிப்பு விற்கும் வீட்டைத் தாண்டித்தான் பாதை என்றால் சுற்றுப்பாதையில் இன்னொருவர் கூட நடந்து வரட்டும். வேலை விட்டு வந்ததும் சாப்பாடு தயாராக இருக்கட்டும், பசித்த வயிறுதான் முதலில் குடியைக் கேட்கும். கருமாதி வீட்டுக்குப் போனால் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

துணைக்கு ஆள் தேடுவது முன்பைவிடக் கஷ்டம். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இப்போது தனி வீடுகள் வருகின்றன, நல்லதுதான். ஆனால் சுவருக்கு அப்பால் யாரும் இல்லை, இளசுகளும் ஊரில் இல்லை. அதனால் இரண்டு மூன்று பேரைப் பெயர் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்: கூட வேலை செய்பவர் ஒருவர், உறவில் ஒருவர், முடிந்தால் ஏற்கெனவே குடியை விட்ட ஒருவர். தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதனின் டி.டி.கே. மருத்துவமனை 1989இல் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டு, ஊராரைச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை கொடுத்தது. நோயாளியைச் சென்னைக்கு இழுக்காமல் ஊருக்கே போனார்கள். நம் தோட்டங்களிலும் கோயில் மண்டபமும் வாசிகசாலையும் சும்மாதானே கிடக்கின்றன. மாதம் இரண்டு மாலை அங்கே உட்கார்ந்து பேசலாம். தோட்டத் தலைவர்மாரிடம் கேளுங்கள், கேட்டால் திறப்பைத் தருவார்கள்.

மறுபடி குடித்துவிட்டால் சண்டை வேண்டாம். அன்றிரவு பேசவே வேண்டாம். விடிந்த பிறகு எந்த நேரம், யாரோடு, எங்கே என்று மட்டும் கேட்டு, அடுத்த சம்பள நாளுக்கு அந்த ஓட்டையை அடையுங்கள். நடுக்கம் திரும்பியிருந்தால் மறுபடி வைத்தியசாலைக்குத்தான். சித்தப்பா இரண்டு தரம் விழுந்தார்.

இன்றும் சம்பள நாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அம்மா ரொட்டியும் சம்பலும் வைத்திருப்பார். ஏழரை பஸ் போன பிறகுதான், "சரி அண்ணி, வர்றேன்" என்று எழுந்திருப்பார்.