பேய் அல்ல, நோய்: மனச்சிதைவு பற்றி அறிவோம்



"நல்லா படிச்சிக்கிட்டிருந்த பையன். இப்ப யாரோடயும் பேசறதில்ல. தனியா சிரிக்கிறான். காதுல யாரோ திட்டுறாங்கன்னு சொல்றான்." ஒரு தாய் இப்படிச் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? "காத்து கருப்பு அடிச்சிருக்கும், மந்திரிச்சு விடு" என்போம். இல்லையென்றால் "வளர்ப்பு சரியில்லை" என்போம். இரண்டுமே தவறு. இது மனச்சிதைவு நோயாக இருக்கலாம். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது.

மூளையில் என்ன நடக்கிறது?

கீரைப் பாத்தியில் நெருக்கமாக முளைத்ததைக் கலைத்து விடுகிறோம் அல்லவா? மூளையும் அப்படித்தான். சிறு வயதில் நரம்பு இணைப்புகள் ஏராளமாக உண்டாகின்றன. வளரிளம் பருவத்தில் வேண்டாதவை நீங்கி, வேண்டியவை பலப்படுகின்றன. இந்த வேலை 20 வயதைத் தாண்டியும் நடக்கிறது. இந்நோய் உள்ளவர்களுக்கு இணைப்புகள் அளவுக்கு மீறி நீங்கியிருக்கலாம் என ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பெரும்பாலும் வாலிப வயதில் நோய் வெளிப்பட இதுவும் காரணமாகலாம். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் அளவும் மாறுகிறது. அதனால் இல்லாத குரல் கேட்கிறது, வீண் சந்தேகம் வருகிறது. மாத்திரை இதைத்தான் கட்டுப்படுத்துகிறது.

யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. பரம்பரை ஒரு காரணம். கருவில் நேரும் பாதிப்பும் ஒரு காரணம். நெதர்லாந்து நாட்டில் 1944-45ல் போரினால் கடும் பஞ்சம் வந்தது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவான குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இந்நோய் சுமார் இரண்டு மடங்கு வந்தது. பட்டினி கிடந்தது அந்தத் தாய்மார்களின் குற்றமா? வாலிப வயதில் கஞ்சா பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

சங்கிலி வேண்டாம்

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

நாம் செய்ய வேண்டியது

* மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் சீக்கிரமே காட்டுங்கள். தாமதித்தால் குணமாவது கடினமாகும்.
* 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.
* "சரியாப் போச்சு" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* கர்ப்பிணிகள் சத்தாகச் சாப்பிடுவதைக் கவனியுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் இப்படி யாராவது வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்களா?
2. அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போக யார் துணை போவது? பஸ் செலவுக்குக் குழுவில் உள்கடன் தரலாமா?

அந்தத் தாய் தனியாகப் போக வேண்டாம். நாமும் கூடப் போவோம்.