படத்தில் இருப்பவர் யார்?

கற்றல் நோக்கங்கள்

• ஒரு தொழிலைப் பற்றிய உரைநடையைப் படித்து அதன் கருத்தை உணர்தல்.
• தமிழ் உறவுப்பெயர்களை வேறுபாடு அறிந்து பயன்படுத்துதல்.
• வீட்டிலுள்ள பழைய ஒளிப்படங்களைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு எழுதுதல்.

தங்கவயலும் திருமணப் படமும்

கோலார் தங்கவயலில் பல வீடுகளின் முன்னறைச் சுவரில் ஒரு திருமணப் படம் தொங்குவதைக் காணலாம். மணமக்கள் நடுவில் நிற்பர். இருபுறமும் பெற்றோரும் உற்றாரும் வரிசையாக நிற்பர். முன்வரிசையில் சிறுவர்கள் தரையில் அமர்ந்திருப்பர். அவர்களுள் பலர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள்.

1880ஆம் ஆண்டு இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. 1902இல் காவிரியாற்றின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவுக்குக் கம்பி அமைத்து, இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை சென்றது. அத்தகைய சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

அதன்பின் மக்கள் வேறு வேலைகளைத் தேடினர். மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் தொடர்வண்டியில் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று திரும்புவோர் இன்றும் ஏராளம். வெளியூர்களிலேயே குடியேறிவிட்டோரும் உண்டு. ஒரே தெருவில் அடுத்தடுத்து வாழ்ந்த அண்ணன் தம்பியர் இன்று வெவ்வேறு ஊர்களில் வாழ்கின்றனர். அவர்கள் அனைவரும் ஒன்றாகக் கூடுவது திருமண வீட்டில்தான். ஆகவே, அக்கூட்டத்தைப் படமாக்கித் தரும் ஒளிப்படக் கலைஞரின் பணி இவ்வூரில் பொறுப்பு மிக்கதாகிறது.

முகூர்த்த நாள்

திருமணப் படக்கலைஞரின் வேலை முதல்நாள் மாலையிலேயே தொடங்கிவிடும். மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்து, இரண்டு கேமராக்களையும் சரிபார்த்து, நினைவட்டைகளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குச் செல்வார். ஒரு கேமரா பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதற்காகவே இரண்டு. மாலை வரவேற்பு முடிந்து விருந்தினர் உறங்கச் செல்வர். விடியற்காலை நான்கரை மணிக்கு முகூர்த்தம் என்றால், படக்கலைஞர் மூன்று மணிக்கே விழித்துவிடுவார்.

தாலி கட்டும் தருணம் சில நொடிகளே நீடிக்கும். கெட்டிமேளம் முழங்கும். அனைவரும் எழுந்து அட்சதை தூவுவர். ஓமப்புகை கண்ணை மறைக்கும். அந்நேரத்தில் மணமகனின் விரல்களும் மணமகளின் முகமும் ஒரே படத்தில் தெளிவாக அமைய வேண்டும். “படம் சரியாக வரவில்லை, இன்னொரு முறை தாலியைக் கட்டுங்கள்” என்று மாப்பிள்ளையிடம் கூற முடியாது. எனவே, எங்கே நிற்பது, ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது, யார் குறுக்கே வரக்கூடும் என்பனவற்றை அவர் முன்னரே எண்ணி வைத்திருப்பார்.

தங்கவயலில் எல்லாத் திருமணங்களும் ஒரே முறையில் நடப்பதில்லை. தேவாலயத்தில் மோதிரம் மாற்றும் திருமணம் உண்டு. அங்கு ஒளிப்பாய்ச்சியைப் பயன்படுத்துவதற்கு முன் குருவானவரிடம் இசைவு கேட்பது முறை. இசுலாமியர் நிக்காஹ் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் கிளை இவ்வூரிலும் இயங்கியது. அவ்வழி வந்த குடும்பங்களில் புத்தர் உருவத்தின் முன்னே மணமக்கள் உறுதிமொழி ஏற்பர். சடங்குகள் இல்லாத சீர்திருத்தத் திருமணமும் உண்டு. ஒவ்வொன்றிலும் தவறவிடக் கூடாத தருணம் எது என்பதை அறிந்தவரே நல்ல திருமணப் படக்கலைஞர் ஆவார். விருந்தினரிடம் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளில் நாலு சொல் பேசத் தெரிந்திருந்தால் அவருடைய வேலை இன்னும் எளிதாகும்.

உறவறிந்து எடுக்கும் படம்

மேடையில் குழுப்படம் எடுக்கும்போது படக்கலைஞருக்கு உறவுமுறை அறிவு தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்னும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவோரைத் தமிழ் தனித்தனியே பெயரிட்டு அழைக்கிறது. தந்தைக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா, தாயுடன் பிறந்தவர் மாமா. ‘ஆன்ட்டி’ என்னும் சொல்லிலும் அவ்வாறே அத்தை, பெரியம்மா, சித்தி எனப் பலர் அடங்குவர்.

இவ்வேறுபாடு படத்தில் இடத்தைத் தீர்மானிக்கிறது. பல குடும்பங்களில் தாய்மாமன் சீர் கொண்டுவருவது சிறப்பான நிகழ்வாகும். அவர் தட்டுடன் வரும்போது படக்கலைஞர் வாயிலில் காத்திருக்க வேண்டும். தாலியின் முதல் முடிச்சை மணமகன் இட, எஞ்சிய முடிச்சுகளை அவருடைய சகோதரி இடுவது பல குடும்பங்களின் வழக்கம். அவர் மணமகளின் பின்னே நிற்பார். இதனை அறியாதவர், “கொஞ்சம் நகருங்கள் அம்மா” என்று நாத்தனாரையே விலக்கிவிடுவார்! அப்படம் எடுத்தவருக்கு வேண்டுமானால் அழகாகத் தோன்றலாம். வீட்டாரின் மனவருத்தம் எளிதில் ஆறாது.

ஆகையால், தேர்ந்த படக்கலைஞர் மண்டபத்துக்கு வந்தவுடன் வீட்டின் மூத்தவர் ஒருவரை அணுகி, “பெண்ணுக்குத் தாய்மாமன் யார்? பாட்டி எங்கே அமர்ந்திருக்கிறார்?” என்று கேட்டறிவார். நடக்க இயலாத முதியோரை மேடைக்கு வரச் சொல்லாமல், மணமக்களை அவரிடம் அழைத்துச் சென்று படம் எடுப்பார். அடுத்த திருமணத்தில் அம்முதியவர் இருப்பாரோ, இராரோ என்பதை அவர் நன்கு அறிவார்.

படச்சுருளிலிருந்து நினைவட்டைக்கு

1839ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் டாகுவேர் என்பவரின் ஒளிப்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினேழு ஆண்டுகளில், 1856இல், சென்னையில் ஒளிப்படக் கழகம் ஒன்று தோன்றியது. அக்காலத்தில் ஒரு படம் பதிவாக வெகுநேரம் ஆயிற்று. அசைந்தால் உருவம் கலங்கிவிடும். மிகப் பழைய படங்களில் மக்கள் சிரிக்காமல் விறைப்பாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னர்ப் படச்சுருள் வந்தது. ஒரு சுருளில் பெரும்பாலும் 12 முதல் 36 வரையிலான படங்களே எடுக்கலாம். சுருளுக்கும் கழுவுவதற்கும் அச்சிடுவதற்கும் பணம் செலவாகும். நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருள்களைத் தயாரித்தது. கருப்பு வெள்ளைப் படங்களைக் கலைஞர்கள் சிவப்பு விளக்கெரியும் இருட்டறையில் தாமே கழுவி அச்சிட்டனர். படம் நன்றாக வந்ததா என்பது அறையில் தாள் நனையும்போதுதான் தெரியும்.

இன்றோ ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கலாம். எடுத்தவுடன் பார்க்கலாம். ஆனால், வேறொரு கவலை உண்டு. நினைவட்டை பழுதானால் திருமணம் முழுவதும் மறைந்துவிடும். அதனால் படக்கலைஞர் வீடு திரும்பியதும், களைப்பைப் பொருட்படுத்தாமல், படங்களை இரண்டு வன்தட்டுகளில் பதிந்துவைப்பார். அதன்பின் சில நூறு படங்களைத் தேர்ந்தெடுத்து, நிறம் திருத்தி, ‘கரிஷ்மா’ எனப்படும் கனமான ஆல்பமாக அமைப்பார். இவ்வேலை பல நாள்கள் நீடிக்கும்.

குடும்பமும் ஓய்வும்

படக்கலைஞரின் ஆண்டு, பஞ்சாங்கத்தைப் பின்பற்றி நடக்கிறது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஓய்வே இராது. பிறர் வீட்டுத் திருமணம் அனைத்திலும் இருப்பவர், அதே நாளில் நடக்கும் தம் உறவினர் திருமணத்துக்குச் செல்ல முடியாமற் போவதுண்டு. வீட்டில் இருப்போரும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். வாடிக்கையாளரிடம் பேசுவது, ஆல்பத்துக்குப் படம் தேர்வது ஆகியவற்றைப் பல குடும்பங்களில் மனைவியே கவனிக்கிறார். ஒன்று மட்டும் எல்லாப் படக்கலைஞர் வீட்டிலும் பொதுவாக இருக்கும்: குடும்பப் படங்களில் எடுத்தவரைக் காண்பது அரிது. “அப்பா, இன்று நீங்கள் நில்லுங்கள், நான் எடுக்கிறேன்” என்று பிள்ளைகள் கேமராவை வாங்கினால்தான் அவருக்கும் படத்தில் இடம் கிடைக்கும்.

ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் நடைபெறுவது குறைவு. அம்மாதங்களில் கலைஞர் தம் விருப்பத்துக்குப் படம் எடுக்கலாம். தங்கவயலில் அதற்குப் பொருள் பஞ்சமில்லை. சுரங்க வாயிலின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரம், தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண் குவிந்த ‘சைனைடு மலை’, வரிசை வரிசையாக அமைந்த தொழிலாளர் லைன் வீடுகள் ஆகியவை காலை வெயிலில் வெவ்வேறு வண்ணம் காட்டும். கட்டடங்கள் இடியுமுன் அவற்றைப் பதிந்துவைப்பதும் ஊருக்குச் செய்யும் தொண்டே. பழைய கேமராக்களைப் பழுது நீக்குவது, கிழிந்த படங்களைக் கணினியில் சீராக்குவது, அட்டைப்பெட்டியில் ஊசித்துளைக் கேமரா செய்து சிறுவர்களுக்குத் தலைகீழ் உருவத்தைக் காட்டுவது போன்ற பொழுதுபோக்குகளும் இத்தொழிலுடன் இயல்பாகச் சேர்ந்து வருகின்றன.

பெயரில்லாப் படங்கள்

பழைய படங்களைச் சீராக்கித் தருமாறு சிலர் கலைஞரிடம் வருவர். ஓரம் கிழிந்த குழுப்படம் ஒன்றைக் காட்டி, “இதிலிருந்து எங்கள் தாத்தாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தாருங்கள்” என்பர். “இவர்களுள் உங்கள் தாத்தா யார்?” என்று கலைஞர் கேட்டால், சிலருக்கு விடை தெரியாது. “பாட்டி இருந்தபோது கேட்டிருக்கலாம்” என்பர்.

கிழிசலைக் கணினியில் சேர்க்கலாம். மங்கிய வண்ணத்தை மீட்கலாம். மறந்துபோன பெயரை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது. பெயர் தெரியாத படம் இரண்டு தலைமுறைக்குள் யாரோ ஒருவரின் படமாகிவிடுகிறது. பின்னர்ப் பழைய தாள்களுடன் வெளியே போய்விடுகிறது.

இவ்விழப்பைத் தடுக்க அறிஞர்களும் முயன்றுள்ளனர். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் ‘அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்கள்’ திட்ட உதவியுடன், தமிழகத்துப் பழைய ஒளிப்பட நிலையங்களின் குடும்பப் படங்களைத் தேடி மின்வடிவில் பதிவு செய்தது. சாதாரணக் குடும்பங்களின் படங்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை அப்பணி உணர்த்துகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு:

1. படத்தை விளிம்பில் பிடிக்க வேண்டும்; விரல் ஈரம் படத்தைக் கெடுக்கும்.
2. பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதலாம். பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறத்தில் தடம் விழும்.
3. வழவழப்பான தாளில் பென்சில் பதியாவிடில், தனித்தாளில் எழுதிப் படத்துடன் உறையில் வைக்கலாம்.
4. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக் கூடாது. கண்ணாடியோடு அதனைப் படம் எடுத்துக்கொள்வதே நன்று.
5. வண்ணப்படங்களை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது, வண்ணம் வெளுத்துவிடும்.

இவற்றுள் இரண்டாவதே முதன்மையானது. அதனைச் செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டா; பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஆகவே, அவ்வேலையைத் தள்ளிப்போடலாகாது.

அருஞ்சொற்பொருள்

வழித்தோன்றல் – ஒருவரின் மரபில் பின்னர்ப் பிறந்தவர்
முகூர்த்தம் – திருமணத்திற்குக் குறித்த நேரம்
அட்சதை – வாழ்த்தித் தூவும் மஞ்சள் அரிசி
ஒளிப்பாய்ச்சி – படம் எடுக்கும்போது மின்னும் விளக்கு
இசைவு – ஒப்புதல்
நாத்தனார் – கணவரின் சகோதரி
நினைவட்டை – கேமராவில் படங்கள் பதியும் சிறு அட்டை
வன்தட்டு – கணினித் தரவுகளைச் சேமிக்கும் கருவி

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தங்கவயல் சுரங்கங்கள் எப்போது மூடப்பட்டன?
2. படக்கலைஞர் இரண்டு கேமராக்களைக் கொண்டுசெல்வது ஏன்?
3. மிகப் பழைய படங்களில் மக்கள் விறைப்பாக நிற்பதற்குக் காரணம் யாது?
4. படக்கலைஞர் மனம்போலப் படம் எடுக்க ஏற்ற மாதங்கள் எவை? ஏன்?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. உறவுமுறை அறிவு திருமணப் படக்கலைஞருக்கு எவ்வாறு உதவுகிறது?
2. “மறந்துபோன பெயரை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது” – விளக்குக.

இ. உரிய உறவுப்பெயரை எழுதுக.

1. அம்மாவின் தங்கை – ____________
2. அப்பாவின் அண்ணன் – ____________
3. அப்பாவின் அக்கா – ____________
4. அம்மாவின் தம்பி – ____________

ஈ. பிரித்து எழுதுக.

முன்னறை, அப்படம், குழுப்படம், இவ்வூர்

உ. செயல்திட்டம்

வீட்டிலுள்ள பழைய திருமணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்க. தாத்தா, பாட்டி அல்லது வீட்டின் மூத்தவர் ஒருவருடன் அமர்ந்து, படத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் உறவையும் கேட்டுத் தமிழில் எழுதுக. வெளியூரில் வாழும் மூத்தவரிடம் தொலைபேசி வழியாகவும் கேட்கலாம். பெயர் தெரியாதவர் இருப்பின் அவருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, வேறு உறவினரிடம் கேட்டு நிரப்புக. எழுதிய தாளை வகுப்பில் படித்துக் காட்டியபின் படத்துடன் சேர்த்து வைக்கவும்.